பிறவாதவர் தலைமேல் ஒரு கடன்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியது ஒன்று. செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், வாங்கியவனே திருப்பித் தருவான் என்றும் கடமைப்பட்டவனே அதைச் செய்து முடிப்பான் என்றும் எண்ணியிருக்க வேண்டும். வாங்கியவர் ஒருவர், திருப்பித் தரவேண்டியவரோ அவர் மாண்டு ஆயிரம் ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் வேறொருவர் என்றால், அதை நாம் கடன் என்பதா, களவு என்பதா? இதை வெறும் தருக்க விளையாட்டென்று ஒதுக்கிவிட இயலாது. உலகின் பல நாடுகளில், என்றோ மூடப்பட்ட சுரங்கங்களின் வாயிலிருந்து இன்றும் அமிலநீர் வடிந்துகொண்டிருக்கிறது. அந்நீரே இக்கேள்வியை எழுப்புகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்றொரு மலைநகரம் உள்ளது. மின்விளக்கு உலகெங்கும் பரவத் தொடங்கிய 1880களில் அங்கே பெருஞ்செம்புப் படுகை ஒன்று கண்டறியப்பட்டது. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய மார்க்கஸ் டேலி தோற்றுவித்த அனகோண்டா நிறுவனம், அக்குன்றைக் குடைந்து உலகின் மாபெரும் செம்பு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 'பூவுலகின் வளமிகு குன்று' என்று அவ்வூரார் தம் மலையைப் பெருமையுடன் அழைத்தனர். அயர்லாந்தாரும் இத்தாலியரும் செர்பியரும் ஃபின்லாந்தாரும் அங்கே கூலிகளாய்க் குழுமினர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். 1917 ஜூன் 8ஆம் நாள் நிலத்தடியில் மூண்ட தீயில் 168 தொழிலாளர் மாண்டனர். செம்பு விலையின்றிக் கிடைத்ததன்று என்பதை அவ்வூர்க் கல்லறைத் தோட்டங்கள் நன்கறியும்.

நிலத்தடிச் சுரங்கங்கள் கட்டுப்படியாகாத நிலையில், 1955இல் நிறுவனம் குன்றை மேலிருந்தே வெட்டத் தொடங்கியது. பெர்க்லி பள்ளம் எனப் பெயர்பெற்ற அந்தத் திறந்தவெளிச் சுரங்கம் விரியவிரிய, மீடர்வில், மெக்குவீன் என்னும் குடியிருப்புகள் இருந்த இடம் தெரியாமல் போயின. இறுதியில் பள்ளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழமும் கொண்டதாயிற்று. இதற்கிடையே 1977இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு என்னும் எண்ணெய் நிறுவனம் அனகோண்டாவை விலைக்கு வாங்கியிருந்தது. செம்பின் விலை சரிந்தது. 1982 ஏப்ரல் 22ஆம் நாள், நிலத்தடி நீரைப் பல்லாண்டுகளாக இறைத்துவந்த எந்திரங்கள் நிறுத்தப்பட்டன. அந்நாள் உலகெங்கும் புவி நாளாகக் கொண்டாடப்படும் நாள் என்பது தற்செயலே. ஆயினும் குறிக்காமல் விட மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள சுரங்கவழிகளில் நீர் ஊறி ஏறிப் பள்ளத்தை எட்டியது. இன்று அங்கே தேங்கியிருப்பது 15,000 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர். ஒருகாலத்தில் அது காடியை ஒத்த புளிப்புடையதாய் இருந்தது. அதில் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் ஆர்செனிக்கும் கரைந்துள்ளன.

இந்நீர் எங்ஙனம் உண்டாகிறது? செம்பும் பொன்னும் கிடைக்கும் பாறைகளுள் பலவற்றில் பைரைட்டு என்னும் கனிமமும் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த அது, பொன்போல் மின்னிப் பலரை ஏமாற்றியிருக்கிறது. நிலத்தின் ஆழத்தில், காற்றுப் படாத வரையில், அதனால் ஒரு தீங்கும் இல்லை. பாறையை உடைத்துக் காற்றும் நீரும் பட வைத்தால் கந்தகம் கந்தக அமிலமாகிறது. அவ்வமிலம் பாறையிலுள்ள பிற உலோகங்களைக் கரைக்கிறது. கரைந்த இரும்போ மேலும் பைரைட்டைத் தாக்குகிறது. இவ்வினை தானே நிகழ்ந்தால் மிக மெதுவாகவே நடக்கும். ஆனால் அமிலத்திலேயே பிறந்து, இரும்பையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் இதைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன என்று 1947இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். ஒருமுறை தொடங்கிவிட்டால் பாறையிலுள்ள கந்தகம் தீரும்வரை இது ஓய்வதில்லை. அடுப்பை அணைக்கலாம், மலைக்குள் பற்றிய இந்நெருப்பை அணைக்க இயலாது.

இயற்கையிலேயே இது நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. தென்மேற்கு ஸ்பெயினில் ரியோ டிண்டோ என்னும் ஆறு குருதி நிறத்தில் ஓடுகிறது. அதன் அமிலத்தில் ஒரு பங்கு இயற்கையானது; மற்றொரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுச் சுரங்கத் தொழிலின் எச்சம். ரோமானியர் அங்கே வெள்ளியும் செம்பும் வெட்டினர். அவர்தம் பேரரசு மறைந்தது. அவர்கள் நாணயங்கள் அருங்காட்சியகங்களில் உறங்குகின்றன. அவர்கள் உடைத்துப் போட்ட பாறையைத் தொட்ட நீர் மட்டும் இன்னும் புளிப்பாகவே இருக்கிறது.

இத்தொழில் ஆற்றைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியுமன்று. கியோர்கியஸ் அகிரிகோலா என்னும் ஜெர்மானிய மருத்துவர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெருநூல், அவர் இறந்த மறுவருடம், 1556இல் வெளிவந்தது. அந்நூலின் தொடக்கத்திலேயே சுரங்கத்தை எதிர்ப்போர் கூறுவனவற்றை அவர் நேர்மையுடன் எடுத்துரைக்கிறார். கனிமத்தைக் கழுவிய நீர் ஓடைகளையும் ஆறுகளையும் நஞ்சாக்குகிறது, மீன்கள் மடிகின்றன அல்லது ஓடிவிடுகின்றன என்பது அவற்றுள் ஒன்று. பின்னர் அவர் தம் விடையையும் தருகிறார்: உலோகம் இல்லையேல் மனிதர் காட்டு விலங்குகளிடையே இழிந்த வாழ்வே வாழ நேரிடும்.

அவ்விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏர்க்கொழுவும் அறுவை மருத்துவரின் கத்தியும் உலோகமே. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியும் எங்கோ ஒரு மலையைக் குடைந்து எடுத்த செம்புதான். ஆகவே சுரங்கம் வெட்டுவதே பாவம் என்று நாம் கூறவரவில்லை. பிறக்கப்போகும் தலைமுறையினரும் அந்த மின்னொளியில்தான் படிக்கப்போகிறார்கள். பயனைப் பெறுவோர் சுமையில் ஒரு பங்கை ஏற்பதில் என்ன அநீதி என்று வாதிடுவோரும் உளர். வலிமையான வாதமே. எனினும் ஓர் இடத்தில் அது தடுமாறுகிறது. தந்தை விட்டுச்சென்ற சொத்தைவிடக் கடன் மிகுதியாயின், சொத்தின் அளவுக்கு மேல் மகன் பொறுப்பாளியல்லன் என்று நாகரிக நாடுகளின் சட்டங்கள் பொதுவாகக் கூறுகின்றன. அவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. பியூட்டில் கி.பி. 2500இல் பிறக்கும் குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. செம்பு விற்ற பணம் எவர் எவர் கைக்கோ போய்ச் செலவாகிவிட்டிருக்கும். பள்ளம் மட்டும் அங்கேயே இருக்கும்.

பள்ளத்து நீர் கடல்மட்டத்திற்கு மேல் 5,410 அடி உயரத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு வரம்பு விதித்துள்ளது. தாண்டினால் நச்சுநீர் நிலத்தடி வழியே சில்வர் போ என்னும் ஓடையை நோக்கித் திரும்பக்கூடும். இதைத் தடுக்கச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று 2003இல் இயங்கத் தொடங்கியது. 2019முதல் பள்ளத்து நீரையே இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள். முறை எளியது. சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் தணிகிறது; கரைந்திருந்த உலோகங்கள் சேறாகப் படிகின்றன. அச்சேற்றைக் கொட்டுவது எங்கே? அதே பள்ளத்தில்தான் கொட்டிவந்தார்கள். இப்பணி 'என்றென்றைக்கும்' நடைபெற வேண்டும் என்று ஆவணங்கள் குறிக்கின்றன. மன்றாட்டின் இறுதியில் நாம் சொல்லிப் பழகிய சொல்லைப் பொறியாளர் அறிக்கை ஒன்றில் காணும்போது சற்றே திடுக்கிடுகிறோம். இறைவனைப் பற்றியன்றி வேறெதைப் பற்றியும் அச்சொல்லை ஆளத் துணியாத மரபு நம்முடையது.

அந்த 'என்றென்றைக்கும்' யாருடைய வாக்கு? அனகோண்டா நிறுவனம் ஒரு நூற்றாண்டுகூட முழுமையாய் நிற்கவில்லை. அதை வாங்கிய அட்லாண்டிக் ரிச்ஃபீல்டை 2000இல் பி.பி. நிறுவனம் வாங்கிவிட்டது. கலிபோர்னியா மாநிலத்தின் ரெட்டிங் நகரருகே உள்ள இரும்பு மலையின் கதை இன்னும் தெளிவானது. அங்கே 1963இலேயே சுரங்கப் பணி நின்றுவிட்டது. மலையின் உள்ளே எடுக்கப்பட்ட நீரின் அமிலத்தன்மை, பி.எச். அளவில் பூச்சியத்திற்கும் கீழே 3.6 எனப் பதிவாயிற்று. சுரங்க நீரில் அதுவரை எவரும் கண்டிராத கடுமை அது. இவ்வடிகால் ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் தொடரும் என்று அறிஞர் கணித்துள்ளனர். இதற்குப் பொறுப்பான நிறுவனத்துடன் அரசு 2000இல் உடன்பாடு கண்டது. ஓர் ஒப்பந்த நிறுவனம் 30 ஆண்டு ஆலையை நடத்தும். 2030இல் 51 கோடி 40 லட்சம் டாலர் அரசுக்கு வந்துசேரும். மதிநுட்பமான ஏற்பாடுதான். ஆனால் ஒப்பந்தத்தை ஏற்ற அந்நிறுவனம் 2002 தொடக்கத்திலேயே திவாலாயிற்று. அதன் பணியை வேறொரு நிறுவனம் ஏற்க நேர்ந்தது. மூவாயிரம் ஆண்டுக் கணக்கில் இரண்டாம் ஆண்டிலேயே நிகழ்ந்தது இது.

பியூட்டில் காவல் காப்போரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களைக் குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை. 1995 நவம்பரில், தெற்கு நோக்கிப் பறந்த பனி வாத்துகள் புயலுக்கு அஞ்சி அப்பள்ளத்து நீரில் இறங்கின. 342 பறவைகளின் உடல்கள் பின்னர் மிதந்தன. அதன்பின் பறவைகளை விரட்டுவதற்கென்றே ஆள்கள் அமர்த்தப்பட்டனர். 2016 நவம்பர் இறுதியில் மீண்டும் பனிப்புயல். பல்லாயிரம் வாத்துகள் ஒரே இரவில் இறங்கின. விரட்ட முயன்றும் ஏறத்தாழ 3,000முதல் 4,000 வரை மடிந்தன. இப்போது துப்பாக்கியோசை, ஒலிபெருக்கி, லேசர் ஒளி, ஆளில்லாச் சிறுவிமானம் எல்லாம் அங்கே உண்டு. வலசைக் காலத்தில் ஒருவர் விடியுமுன் எழுந்து, பனியில் நின்று, வானத்தை நோக்கிக் காத்திருந்து, நீர் அருந்த வரும் பறவையை 'இங்கே வராதே' என்று விரட்டுகிறார். உயிர்களுக்கு நீர் வைப்பதை அறம் என்று போற்றும் நாட்டில் வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அவரளவில் அதுவும் அறமே. அப்பள்ளத்தை அவர் வெட்டவில்லை. அதைக் காண்பதற்குக் கட்டணம் செலுத்திச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள் என்பது வேறு கதை.

அதே பள்ளத்தை நோக்கியவாறு, எதிரே மலைமுகட்டில் மரியன்னையின் 90 அடி உயரச் சுரூபம் நிற்கிறது. சுரங்க நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நோயுற்ற தம் மனைவி நலம்பெற்றால் அன்னைக்குச் சுரூபம் வைப்பதாக 1979இல் நேர்ந்துகொண்டார். மனைவி நலம்பெற்றார். தம் வீட்டு முற்றத்தில் சிறு சுரூபம் வைக்கவே அவர் நினைத்தார் என்பர். சுரங்கம் மூடி வேலையிழந்த தொழிலாளர் பலர் கைகொடுக்க, அது வளர்ந்து மலையேறியது. 1985 டிசம்பரில் நிறைவுற்றது. நேர்த்திக்கடன் என்று நம்மவர் கூறுவது இதைத்தான். நேர்ந்தவர் அவரே, தீர்த்தவரும் அவரே. ஆறே ஆண்டில் கடன் கழிந்தது. மேலே அப்படி ஒரு கடன். கீழே வேறு ஒரு கடன்.

பெற்றதைத் திருப்பித் தருதல் மீட்புக்கு இன்றியமையாதது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கற்பிக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும் எவரும் இதை அறிவர்; திருடிய மாட்டைக் கொட்டகையில் கட்டிவைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க முடியாது. ஆனால் அப்புனிதர் கண்டிப்பானவர் மட்டுமல்லர். ஈடாகத் திருப்பித் தர இயலாதபோது, இயன்றதைத் தந்தால் போதும் என்றும் கூறுகிறார். கெட்ட மலையை நல்ல மலையாக்க எவராலும் இயலாது. ஆகவே இயன்ற அளவு நீரைச் சுத்திகரிப்பதே போதிய ஈடு என்று நிறுவனங்களின் சார்பில் ஒருவர் இதை எடுத்துக்காட்டினால், நாம் என்ன விடை சொல்வோம்?

பொறுப்பை நிறுத்துப் பார்க்கவேண்டிய இடம் இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது. இயன்றதைத் தந்தால் போதும் என்னும் சலுகை, வாங்கிய பின்பு திருப்பித் தர இயலாத நிலைக்கு ஆளானவருக்கு உரியது. திருப்பித் தரவே முடியாது என்று முன்னரே தெளிவாய் அறிந்து, அறிந்தே வாங்கியவருக்கும் அது உரியதாகுமா? மார்க்கஸ் டேலிக்கு நுண்ணுயிர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வெட்டிய காலத்தில் எந்த அறிஞரும் ஆயிரம் ஆண்டுக் கணக்கை அவரிடம் காட்டவில்லை. தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு அவரைப் பொறுத்தமட்டில் களவு என்று விடை கூறுவது கொடுமையாகும். 1955இல் பள்ளத்தைத் தோண்டியோருக்கு அவரைவிட மிகுதியாய்த் தெரிந்திருக்க வாய்ப்பிருந்தது. இன்று புதிதாய் ஒரு சுரங்கம் திறப்போருக்கோ எல்லாம் தெரியும். ஒரே செயல், ஒரே பாறை, ஒரே அமிலம். ஆயினும் அறிவு வளர்ந்த அளவுக்குக் குற்றமும் வளர்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்குப் பட்டுள்ள சூழலியல் கடனைப் பற்றிப் பேசுகையில் பொன், செம்புச் சுரங்கங்களையே எடுத்துக்காட்டாகக் கூறினார். தலைமுறைகளுக்கு இடையிலான நீதியைப் பற்றியும் அதே மடல் பேசுகிறது. நாடுகளுக்கு இடையே உள்ள கடனிலாவது கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் ஒரே காலத்தில் உயிரோடிருக்கிறார்கள்.

முன்னரே அறிய முடியும் என்றால், முன்னரே தடுக்கவும் முடியுமா? ஓரளவு முடியும். வெட்டுமுன் பாறையைப் பொடித்து, அதில் அமிலம் தரும் பொருள் எவ்வளவு, அதைத் தணிக்கும் சுண்ணாம்புப் பொருள் எவ்வளவு என்று ஒப்பிடும் சோதனை 1970களிலிருந்தே வழக்கில் உள்ளது. மற்றதெல்லாம் ஒரே தத்துவந்தான்: கல், காற்று, நீர் ஆகிய மூன்றும் சேராதபடி ஒன்றைப் பிரித்து வைத்தல். கந்தகம் மிகுந்த கழிவுப் பாறையைத் தனியே ஒதுக்குவார்கள்; களிமண்ணால் மூடுவார்கள்; அரைத்த கழிவை ஆழ்ந்த நீருக்கடியில் வைத்துக் காற்றை விலக்குவார்கள்; மழைநீரை வேறு வழியே திருப்புவார்கள். தோண்டிய குழியை அதன் கழிவாலேயே மீண்டும் நிரப்புவதும் உண்டு. இவை பயனற்றவை என்று கூறமாட்டோம். ஆயினும் நீரைத் தாங்கும் அணைக்கும் ஒரு காவலர் வேண்டும். களிமண் போர்வையிலும் மரவேர் இறங்கும். ஆகவே சில இடங்களில், சில பாறைகளில், வெட்டாமல் விடுவதே ஒரே தடுப்பு முறை. இதைப் பொறியியல் நூல்கள் தயங்கியே சொல்கின்றன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஒருகாலத்தில் இதைத் தயங்காமல் சொன்னது. 1998இல் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கந்தகப் பாறையில் சுரங்கம் திறக்க விரும்புவோர், அமெரிக்காவிலோ கனடாவிலோ அத்தகைய பாறையில் பத்தாண்டு இயங்கியும் நீரைக் கெடுக்காத சுரங்கம் ஒன்றையும், மூடிப் பத்தாண்டு ஆகியும் கெடுக்காத சுரங்கம் ஒன்றையும் முதலில் காட்டவேண்டும். இதுவே நிபந்தனை. மூவாயிரம் ஆண்டுக்கு முன் பத்தாண்டு எம்மாத்திரம்? மிகச் சிறிய கேள்விதான். அதையே, சட்டம் என்ற பெயரில் வந்த தடை என்று சிலர் வெகுண்டனர். இரு சுரங்கங்களைக் காட்டச் சொல்வது எப்படித் தடையாகும் என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொண்டார்களோ, அறியோம். நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டுபவர்மீது விழுகிறது, அது நியாயமே. ஆனால் பின்னர் திருத்த முடியாத செயலுக்கு இசைவு கேட்டு வருபவர், தம் செயல் தீங்கற்றது என்று தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்ற எளிய அறம் அச்சட்டத்தில் இருந்தது. 2017 டிசம்பரில் அது நீக்கப்பட்டது.

இன்று செம்பின் தேவை மீண்டும் பெருகிவருகிறது. நிலக்கரிப் புகையைக் குறைக்கவென்று நாம் வரவேற்கும் காற்றாலைகளுக்கும் மின் ஊர்திகளுக்கும் செம்பு மிகுதியாக வேண்டும். ஒரு தீங்கைத் தணிக்க மற்றொரு தீங்கைப் பெருக்க நேரிடும் இந்நிலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. பியூட்டிலேயே அப்பள்ளத்தை அடுத்து மற்றொரு சுரங்கம் 1986முதல் இயங்கிவருகிறது. அதனால் பலர் வீட்டில் அடுப்பெரிகிறது.

செம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை குன்றுவதில்லை. வீட்டைப் பழுதுபார்க்கும்போது கழற்றிய பழைய கம்பியையும், எரிந்துபோன மோட்டாரையும் காயலான் கடைக்காரர் வாசலில் வந்து நின்று எடைபோட்டு வாங்கிச் செல்கிறார். மேலுறையை உரித்து, செம்பைத் தனியே பிரித்து, உருக்குவோரிடம் சேர்க்கிறார்கள். அவர் தராசில் ஏறும் செம்பு, எப்போதோ எங்கோ தோண்டி முடித்த ஒரு குழியிலிருந்து வந்தது. அதன்பொருட்டுப் புதிதாய் ஒரு பாறையும் உடைபடுவதில்லை.